இல்லை என்று சொல்லும் வீடு

என் மனைவி சிவசங்கரியின் பிறந்த வீட்டில் நல்லது எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தயிர் கெட்டியாக உறைந்திருந்தால் தயிரே சரியில்லை என்பார்கள். மாடு கூடுதலாகக் கறந்தால் பால் வற்றிப்போச்சு என்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், கண்ணு பட்டுடும் என்று பதில் வரும். ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். எங்கள் பக்கத்துத் தமிழ் ஜனங்களில் எல்லோருக்கும் இது கொஞ்சம் உண்டுதான். புத்தூரில் என் கோழிக்கறிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும்போதும், வியாபாரம் எப்படி என்று எவனாவது கேட்டால், ஈ ஓட்டுறேன் நைனா என்றுதான் சொல்லுவேன். ஆனால் நான் அதை வெளியாளிடம் சொல்வேன். அவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தருக்கொருத்தர் அப்படிப் பேசிக்கொள்வார்கள். நான் சிவசங்கரிக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் சோறு தின்றவன். எனக்கே பல சமயம் எது நிஜம் என்று பிடிபட்டதில்லை.

இந்த வித்தையில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் அவள் தம்பி முரளிதரன். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வந்து, ஃபெயில்தான் என்று சொல்லி சோற்றைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது சிவசங்கரி. அவள் பயந்துபோய் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாள். ரிசல்ட் வந்தால் மண்டலத்திலேயே முதல் மார்க். திருப்பதி யுனிவர்சிட்டியில் சீட்டு வராது என்றான், வந்தது. விசா குத்த மாட்டார்கள் என்றான், குத்தினார்கள். அந்த வயதுப் பையன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் படித்து பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துகொண்டிருந்த காலம் அது. இவனும் அமெரிக்காவுக்குத்தான் போனான். ஆனால் கம்ப்யூட்டருக்கு இல்லை, எலிக்கு. எலியின் காதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. அவன் இருக்கிற ஊரின் பெயர் இன்றுவரைக்கும் என் வாயில் நுழையவில்லை. எலி பார்க்கிறதுக்கு ஒருத்தன் பிளேன் ஏறணுமா, நம்ம கடைப் பின்பக்கம் வந்தால் பெருச்சாளியே காட்டுவேனே என்று நான் கிண்டல் பண்ணுவேன். சிவசங்கரிக்கு மூக்குமேல் கோபம் வரும்.

எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள் தரணி. குழந்தை அவ்வளவு லட்சணமாக இருந்தது. பார்க்க வந்தவர்களிடம் சிவசங்கரி, நோஞ்சானா பொறந்துகீது, தேறுமோ தேறாதோ என்றாள். வந்தவர்களும் விவரம் தெரிந்தவர்கள், ஆமா ஆமா என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. இறகு உரிக்கிற மெஷினைப் போட்டால் எதிர்வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அவ்வளவு சத்தத்திலும் தரணி தூளியில் அசையாமல் தூங்குவாள். இப்படி ஒரு சமத்துக் குழந்தை யாருக்கு வாய்க்கும் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது. வழக்கம்போல் வெளியே மாற்றிச் சொன்னோம். கொசு பறந்தாக்கூட முழிச்சிக்குது, எங்களுக்கு ராத்திரியெல்லாம் சிவராத்திரிதான் என்றோம்.

ஒருநாள் கடை வாசலில் லாரி டயர் ஒன்று வெடித்தது. கூண்டில் இருந்த கோழியெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படபடத்தது. நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். சிவசங்கரி இடுப்பில் இருந்த தரணி மட்டும் அம்மாவின் வளையலைச் சப்பிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் பின்னால் நின்றுகொண்டு நாங்கள் தட்டாத பாத்திரம் இல்லை. ஒன்றுக்கும் அவள் திரும்பவில்லை.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் யாரும் நம்பவில்லை. சிரித்தார்கள். உங்க வீட்டுப் பேச்சு எங்களுக்குத் தெரியாதா, புள்ளைக்குப் பாம்புக் காதுன்னு சொல்லாம சொல்றீங்க என்று ஒரு அம்மா என் தோளைத் தட்டிவிட்டுக் கறியை வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. வாழ்நாள் பூரா இல்லாத குறையைச் சொல்லிவிட்டு, நிஜமாகவே குறை வந்தபோது அதைச் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லாமல் போய்விட்டது.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தரணியைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, என்னவெல்லாமோ பார்த்தார்கள். டாக்டரம்மா தெலுங்கில் ஆரம்பித்து, எங்களைப் பார்த்துத் தமிழுக்கு வந்து, கஷ்டமான இடங்களில் திரும்பவும் தெலுங்குக்கே போய்விட்டார். காதுக்கு உள்ளே, நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு இடம் இருக்கிறதாம். அதில் வரிசை வரிசையாக செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மயிர் போல ஏதோ. சத்தம் வந்தால் அந்த மயிர் அசையும், அசைந்தால் மூளைக்குத் தகவல் போகும். தரணிக்கு அந்த செல்கள் வேலை செய்யவில்லை. பிறக்கும்போதே அப்படி.

நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றோம். உங்களிடம் ஒரு ஜீன் நல்லது, ஒன்று கெட்டது, அவரிடமும் அப்படியே, கெட்டது இரண்டும் பாப்பாவுக்கு வந்துவிட்டது என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. சிவசங்கரிக்கு நான் முணுமுணுத்தால் கூடக் கேட்கிறது. நல்ல காது நாலு சேர்ந்து கேட்காத காது இரண்டு எப்படி வந்தது என்று கேட்டேன். டாக்டரம்மா பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினார். கட்டம் புரிந்தது, விஷயம் புரியவில்லை. யார் தப்பும் இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்புறம்தான் நல்ல செய்தி. நரம்பு உயிரோடு இருக்கிறது. மண்டைத்தோலுக்கு அடியில் ஒரு மெஷின் வைத்து, மெல்லிய ஒயரை அந்த நத்தைக்கூட்டுக்குள் விட்டால், செல் செய்ய வேண்டிய வேலையை ஒயர் செய்யும். அரசாங்கத் திட்டத்தில் ஒரு காதுக்கு இலவசமாகவே வைத்துவிடலாம். ஆனால் இரண்டு வயது முடிவதற்குள் வைக்க வேண்டும். அது வெறும் ரூல் மட்டும் இல்லையம்மா, சத்தமே வராமல் நாள் போனால் மூளை அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும், அதற்குப் பிறகு வைத்தாலும் பேச்சு வருவது கஷ்டம் என்றார். தரணிக்கு அப்போதே ஒன்றரை வயது தாண்டியிருந்தது. பங்குனியில் உகாதி வந்தால் இரண்டு முடிந்துவிடும்.

சிவசங்கரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒயர் உள்ளே போனால், அங்கே இருக்கிறதற்கு ஏதாவது சேதம் ஆகுமா? டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். உள்ளே மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் அது கெட்டுப்போகலாம் என்றார். அவ்வளவுதான், இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். பஸ் ரேணிகுண்டா தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உள்ளே எல்லாத்தியும் கெடுத்துட்டா, முரளி கண்டுபுடிக்கிற மருந்தை எங்க ஊத்துறது மாமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முரளி எலியின் காதைப் பார்க்கிறான் என்பது எனக்கு இத்தனை நாள் ஒரு கேலிப்பேச்சு. அது இப்படி என் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று நான் எண்ணியதில்லை.

அன்றைக்கே அவனுக்குப் போன் போட்டோம். அவன் பாவம், அழுதான். அழுதுவிட்டுப் பொறுமையாக எனக்கு எல்லாம் விளக்கினான். கர்ப்பத்தில் காது உருவாகும்போது வரிசையாக ஒரே மாதிரி செல்கள் நிற்குமாம். ஒரு ஜீன் வந்து அதில் ஒன்றுக்கு, நீ கேட்கிற செல் ஆகு என்று உத்தரவு போடும். அது தலையில் மயிர் முளைத்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த உடனே பக்கத்தில் இருப்பவனுக்கு, இந்த இடம் என்னுது, நீ வராதே என்று சொல்லிவிடும். பக்கத்தில் இருப்பவன் காலம் பூரா அதற்குத் துணையாக நிற்பான்.

"திருப்பதி பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிப்போமே மாமா, அந்த மாதிரி. உக்காந்தவன் செத்துட்டான்னு வெச்சிக்க. சீட்டு காலியாத்தான் கீது. ஆனா பக்கத்துல நிக்கிறவன் உக்கார மாட்டான். எலியிலயும் சரி, மனுஷன்லயும் சரி, மறுபடியும் உத்தரவு போடறதுக்கு ஆள் இல்ல."

"எந்தப் பிராணிக்குமே உக்காராதா?"

"கோழிக்கு உக்காரும் மாமா."

அவன் விளையாடுகிறானோ என்று நினைத்தேன். இல்லையாம். கோழிக்குக் காதில் செல் செத்தால் பக்கத்துச் செல் எழுந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், கொஞ்ச நாளில் திரும்பக் கேட்குமாம். அந்த உத்தரவை எலிக்குத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று இவனும் இவனைப் போல நூறு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறந்த எலிக்குட்டியில் கொஞ்சம் உட்காருகிறது, வளர்ந்த எலியில் உட்காருவதில்லை. உட்கார்ந்ததற்கும் வேலை தெரிவதில்லை. இதற்கு மேல் தரணிக்குக் கெட்டிருக்கிற ஜீன் வேறு, அவன் பார்க்கிற ஜீன் வேறு. மருந்து ஒன்றும் இல்லை, ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றான்.

மறுநாள் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒவ்வொரு கோழியைப் பிடிக்கும்போதும் கண்ணுக்குப் பின்னால் இறகை ஒதுக்கி அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் குழம்பில் கொதிக்கப் போகிற ஜீவனுக்கு எதற்கு இந்த வரம்? என் மகளுக்குக் கொடுத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கடவுள்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

சிவசங்கரியோ தெளிவாக இருந்தாள், அதுதான் பயமாக இருந்தது. தம்பி மருந்து இல்லை என்றதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. அவன் என்னைக்கு இருக்குதுன்னு சொல்லியிருக்கிறான், பத்தாவது ஃபெயில்னு சொன்னவன்தானே, விசா வராதுன்னு சொன்னவன்தானே என்றாள். இருபது வருஷம் ஆகும் என்று அவன் சொன்னால் இவள் இரண்டு வருஷம் என்று வைத்துக்கொண்டாள். முடியாது என்று சொன்னால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். அவன் எவ்வளவு அழுத்தி இல்லை என்கிறானோ, அவ்வளவு பெரிய நல்லதை மறைக்கிறான் என்பது அவள் கணக்கு.

அவளைப் பைத்தியக்காரி என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. தம்பி விஷயத்தில் அவள் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. போதாக்குறைக்கு எனக்கே ஒரு நப்பாசை. கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது, ஒருவேளை இவன் நிஜமாகவே ஒளித்துவைத்திருக்கிறானோ, திடீரென்று ஒருநாள் ஒரு சீசாவோடு வந்து இறங்குவானோ என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது மனசு லேசாகிவிடும். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தால் அடுத்த நிமிஷம் கனத்துவிடும். யார் சொல்வதை யாரிடம் கேட்டு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், எடை போடும்போது கூடக் கைமறதியாகக் கூடுதல் கறியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

சங்கராந்தி போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணி, இடம் இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்றாள். நான் மழுப்பினேன். அன்று வீட்டில் பெரிய சண்டை. உன் தம்பி இல்லைன்னு சொல்றானே, உனக்குக் காது கேக்கலியா என்று கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சிவசங்கரி கத்தவில்லை.

"நாளைக்கு ஒயரை வெச்சிட்டு, நாளன்னிக்கு மருந்து வந்துட்டா, உருவிட முடியுமா மாமா? நீ சொல்லு, நான் வர்றேன்."

உருவ முடியாது என்றுதான் எனக்கும் தெரியும். தரணி நடுவில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது சண்டை என்று தெரிந்ததா, வேடிக்கை என்று நினைத்தாளா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் கடையிலிருந்தே தனியாக முரளிக்குப் போன் போட்டேன். மச்சான், மாமன்கிற மரியாதையெல்லாம் ஓரமா வை, உன் வித்தையெல்லாம் என்கிட்ட வேணாம், இருக்குதா இல்லியா என்று ஒரே வார்த்தையில் சொல் என்றேன்.

"இல்ல மாமா."

"நெஜமாவா?"

"இப்படிக் கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? பொறந்ததுல இருந்து பொய்யா இல்லைன்னு சொல்லி சொல்லி, இப்ப நெஜமா இல்லைன்னு சொல்றதுக்கு என்கிட்ட வேற வார்த்தை இல்ல மாமா."

அப்படியானால் நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். அதுவும் முடியாதாம். அவன் விசா பேப்பர் எல்லாம் அங்கே பாதியில் நிற்கிறது, இப்போது நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. எலிக்கு உத்தரவு போடப் பார்க்கிற ஊரில், இவனுக்கு ஊருக்கு வந்து போக ஒரு உத்தரவு கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டு அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே மூடினேன்.

உகாதிக்குக் கொஞ்ச நாளே மிச்சம் இருந்தபோது நர்ஸ் திரும்பவும் கூப்பிட்டாள். இதுதான் கடைசி, இந்த வாரம் வராவிட்டால் அந்த இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம் என்றாள். சிவசங்கரி பக்கத்தில்தான் நின்றாள், கேட்டுவிட்டாள். என் கையிலிருந்து போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டாள். காலைப்பொழுது, அவனுக்கு அங்கே ராத்திரி. போனை எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். இத்தனை மாதத்தில் அவள் அவனிடம் நேராக அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவன் சொல்வதைக் கேட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அன்றைக்குக் கேட்டாள்.

"டேய், தரணிக்கு ஒயர் வெச்சிடட்டுமா, உனக்காகக் காத்துக்கினு இருக்கட்டுமா? நீ சொல்றதுதான்."

லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"வேணாங்கா," என்றான் முரளி. "காத்துக்கினு இரு. மருந்து வந்துடும். அடுத்த வருஷமே வந்துடும். கண்டிப்பா வந்துடும்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. என்னிடம் இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன அதே வாய். போனைப் பிடுங்கி அவனை நாலு வார்த்தை கேட்க நான் கையை நீட்டுவதற்குள், சரிடா, சாப்ட்டு தூங்கு என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அவன் என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறானா, இல்லை அக்காவை ஏமாற்றுகிறானா? நிஜமாகவே மருந்து இருக்கிறதா? கொஞ்ச நேரம் என் மண்டைக்குள் இறகு உரிக்கிற மெஷின் ஓடியது.

சிவசங்கரி உள்ளே போனாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழந்தைக்குத்தான் கேட்காதே, குழாய் எதற்கு என்று எனக்குத் தோன்றியது, ஆனால் நான் போகவில்லை. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பையை எடுத்துத் தரணியின் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற?"

"திருப்பதிக்கு. நர்சம்மாக்கு போன் பண்ணி வர்றோம்னு சொல்லு."

"அவன்தான் மருந்து வருதுன்னு சொல்லிட்டானே."

அவள் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "அவன் வாயில இருந்து வரும்னு ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல மாமா. கைல ஏதாவது இருந்தா சொல்லுவானா? கண்ணு பட்டுடும்னு பயந்து மூடி வெச்சிக்குவான். பயந்து மறைக்கிறதுக்கு அவன்கிட்ட ஒண்ணியும் இல்ல."

முரளி இதைத் தெரிந்து செய்தானா, அக்காவின் குரலைக் கேட்டுத் தாங்க முடியாமல் வாயில் வந்ததைச் சொன்னானா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, பிறகும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் அவன் சொல்கிற பதிலை வைத்து நான் என்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் எப்படியும் காதுக்குப் பின்னால் மயிரை மழிப்பார்கள் என்று நர்ஸ் சொன்னாள். தரணியின் முதல் மொட்டை திருப்பதி மலைக்கு என்று வேண்டுதல் இருந்தது. கத்தி முதலில் பெருமாளுக்குப் போகட்டும் என்று மலையேறி மொட்டை போட்டுவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, எங்கள் வேலை மிச்சம் என்று சிரித்தார். ஆபரேஷன் அன்று சிவசங்கரி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் வெளியே போய் இட்லி தின்றுவிட்டு வந்தேன், பசித்தது, அதற்கு என்ன செய்ய?

வலது காதில் வைத்தார்கள், இடது காதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். புண் ஆற விட்டு, கொஞ்ச வாரம் கழித்து வரச்சொல்லி, வெளியே மாட்டுகிற மெஷினை மாட்டினார்கள். மெஷின் போட்ட உடனே பேசிவிடுவாள் என்று நினைக்காதீர்கள், வருஷக்கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டும், முதலில் அழத்தான் அழுவாள் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவைத்தார். தரணி தரையில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கினார்கள். சிவசங்கரி பின்னால் நின்று, தரணி என்று கூப்பிட்டாள். எத்தனையோ ஆயிரம் தடவை வீணாகக் கூப்பிட்ட பெயர்.

குழந்தையின் கை வாளியில் அப்படியே நின்றது. கண்ணை அகலமாக விரித்து எங்கேயோ பார்த்தாள். திரும்பவும் சிவசங்கரி கூப்பிட்டாள். தரணி உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழுது, தன் அழுகைச் சத்தத்துக்கே பயந்து வாயை மூடிக்கொண்டாள். நான் ஆம்பளை என்பதெல்லாம் மறந்து அந்த ரூமிலேயே ஓவென்று அழுதேன்.

வராந்தாவுக்கு வந்ததும் முரளி போன் பண்ணினான். தூங்காமல் காத்திருக்கிறான். சிவசங்கரி எடுத்தாள்.

"அக்கா, கேக்குதா பாப்பாக்கு?"

சிவசங்கரி தோளில் சாய்ந்திருந்த தரணியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், சக்கரம் கிரீச்சிட்டது, தரணி தலையைத் தூக்கிக் கண்ணைச் சுருக்கினாள்.

"எங்கடா. ஒண்ணியும் கேக்கல," என்றாள் சிவசங்கரி. "சுத்த தெண்டம். எங்களுக்கு அலைச்சல்தான் மிச்சம்."

அவன் சின்னப் பையனைப் போல் தேம்பித் தேம்பி அழுதான். அழுகைக்கு நடுவில், அப்படியாக்கா, பாவங்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இவளும் ஆமாண்டா, இன்னா செய்றது என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு வேலையே இல்லை.

கடைசியில் போன் என் கைக்கு வந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், உன் எலிங்க எப்படிக் கீது மச்சான், மருந்து ஏதாவது தேறுமா என்று கேட்டுவைத்தேன்.

"எங்க மாமா," என்றான் முரளி. "அதெல்லாம் ஒண்ணும் வராது. என் காலத்துல நடக்காது."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். இது நிஜமான 'இல்லை'யா, அவர்கள் வீட்டு 'இல்லை'யா? எனக்குப் பிடிபடவே இல்லை. என்ன சொன்னான் என்று சிவசங்கரி கேட்டாள். மருந்து வரவே வராதாம் என்றேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்து, ஒயர் வைக்காத அந்த இடது காதை, வராந்தாவில் போகிற வருகிறவர்கள் கண்ணில் படாதபடி நன்றாக மூடினாள்.